அருகில் அமர்ந்தால் போதுமா?

வகுப்பில் எல்லோரையும் மிரட்டிக்கொண்டு திரிந்த ஒருவனும், அவன் குரலைக் கேட்டாலே நடுங்கிய இன்னொருவனும் பின்னாளில் இணைபிரியாத நண்பர்களாகிவிட்ட கதை ஏறத்தாழ எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. பழைய மாணவர் சந்திப்புகளில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கேட்பவர்கள், 'காலம் எல்லாவற்றையும் மாற்றிவிடும்' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், காலத்தின் தலையில் இவ்வளவு பெரிய வேலையைச் சுமத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இத்தகைய நட்புகள் எந்தச் சூழலில் முளைக்கின்றன, எந்தச் சூழலில் முளைக்காமலே போகின்றன என்பது கடந்த எழுபது ஆண்டுகளில் ஓரளவு ஆராயப்பட்டிருக்கிறது. வகுப்பறையில் யார் பக்கத்தில் யார் அமர்வது என்பதே தமிழகத்தில் ஓர் அரசுக் குழுவின் பரிந்துரைக்கு உரிய பொருளாகிவிட்ட இன்றைய நிலையில், அந்த ஆய்வுகள் நமக்கு நேரடியாகப் பயன்படக்கூடியவை.

ஆங்கிலத்தில் 'புல்லியிங்' எனப்படுவதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் நிலைபெறவில்லை. சீண்டல், வம்பு, மிரட்டல், அடாவடி என்று இடத்துக்கு ஏற்பச் சொல்கிறோம். கல்லூரியில் மூத்த மாணவர் செய்தால் அது 'ராகிங்'; அதற்குச் சட்டம் உண்டு. ஒரே வகுப்பில், பக்கத்து பெஞ்சில் இருப்பவன் நாள்தோறும் செய்வதற்குப் பெயரும் இல்லை. 'பையன்கள் என்றால் அப்படித்தான்' என்ற சமாதானம் மட்டும் உண்டு.

இதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர். 1970-களிலிருந்து ஸ்காண்டிநேவியப் பள்ளிகளில் ஆய்வு செய்த அவர், இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார். துன்புறுத்தும் நோக்கம் இருக்க வேண்டும். அது திரும்பத் திரும்ப நிகழ வேண்டும். இருவருக்கும் இடையே பலத்தில் ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டும். மூன்றாவது அடையாளம்தான் நம் ஆசிரியர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது. சம பலமுள்ள இருவர் அடித்துக்கொண்டால் அது சண்டை. தலைமையாசிரியர் இருவரையும் அழைத்துக் கைகுலுக்கச் சொன்னால் மறுநாள் இருவரும் சேர்ந்து கபடி ஆடக்கூடும். ஒருவன் அடிக்கவும் மற்றவன் அடிபடவும் பழகிப்போன உறவில் அந்தக் கைகுலுக்கலுக்குப் பொருளே வேறு. பேச்சுவார்த்தை என்றால் இரு தரப்பிடமும் விட்டுக்கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும். அஞ்சி ஒடுங்கியவனிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அவன் கொடுத்த புகார். அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வகுப்புக்குப் போகிறான். அன்று மாலை பள்ளிக்கு வெளியே என்ன நடக்கும் என்பது அவனுக்கும் தெரியும், மற்றவனுக்கும் தெரியும்.

அப்படியானால் அந்த நட்புக் கதைகள் எல்லாம் பொய்யா? இல்லை. நன்கு பதிவாகியுள்ள ஒரு நிகழ்வை விரிவாகவே சொல்கிறேன்.

1971-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரம். நீதிமன்றத் தீர்ப்புகளின் விளைவாக வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழிவந்தோர் ஆகியோரின் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பறையில் அமர்த்தப்பட்டிருந்தார்கள். சில வாரங்களிலேயே தாழ்வாரங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் அடிதடி. பள்ளி நிர்வாகம், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் பேராசிரியராக இருந்த எலியட் அரான்சனின் உதவியை நாடியது. அவர் உடனே அறிவுரை சொல்லவில்லை. மாணவர்களுடன் வகுப்பறையில் அமர்ந்து கவனித்தார்.

அவர் கண்டது நமக்கும் பழக்கமான காட்சி. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். விடை தெரிந்த ஆறேழு பேர் கை தூக்குகிறார்கள். ஒருவரை எழுப்பியதும் மற்றவர்களின் முகம் வாடுகிறது. எழுந்தவன் தவறாகச் சொன்னால் அவர்களுக்கு மீண்டும் ஒரு வாய்ப்பு. ஆகவே அவன் தவறவேண்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொள்கிறார்கள். கை தூக்காதவர்களோ, ஆசிரியரின் பார்வை தம்மேல் விழாமலிருக்கத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். இப்படிப்பட்ட அறையில் புதிதாக வந்து சேர்ந்த, ஆங்கிலம் தடுமாறுகிற ஒரு சிறுவன் எவருக்கும் நண்பனாக முடியாது. அவன் கேலிப்பொருளாகத்தான் முடியும்.

அரான்சன் குழுவினர் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஐந்தாறு மாணவர்கள் கொண்ட சிறு குழுக்கள். குழுவில் ஒவ்வொருவருக்கும் பாடத்தின் ஒரு பகுதி மட்டும். தன் பகுதியைப் படித்து மற்றவர்களுக்கு அவரவரே கற்பிக்க வேண்டும். தேர்வு முழுப் பாடத்திலும் நடக்கும், மதிப்பெண் தனித்தனி. துண்டுகளைச் சேர்த்தால்தான் படம் முழுமையாகும் என்பதால் இதற்கு 'ஜிக்சா வகுப்பறை' என்று பெயர் வந்தது.

ஒரு குழுவில், அரான்சன் தம் எழுத்துகளில் கார்லோஸ் என்று குறிப்பிடும் சிறுவன் இருந்தான். வீட்டில் ஸ்பானிய மொழி. பள்ளியில் வாய் திறந்தாலே சிரிப்பார்கள் என்பதால் மௌனமாக இருக்கக் கற்றுக்கொண்டவன். பத்திரிகையாளர் ஜோசப் புலிட்சரின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பகுதியை அவன் சொல்ல வேண்டும். தடுமாறினான். மற்றவர்கள் வழக்கம்போலக் கேலி செய்தார்கள். அங்கிருந்த ஆய்வு உதவியாளர் அவர்களை அதட்டவில்லை. அன்பைப் பற்றி உபதேசமும் செய்யவில்லை. 'கேலி செய்வதால் புலிட்சரைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. இன்னும் சிறிது நேரத்தில் தேர்வு இருக்கிறது' என்ற பொருள்பட நினைவூட்டிவிட்டு நகர்ந்தார்.

உடனே எதுவும் மாறிவிடவில்லை. சில நாள்கள் பிடித்தன. கார்லோஸிடம் இருப்பது தங்களுக்குத் தேவை என்பதும், கேலி செய்தால் அது கிடைக்காது என்பதும் மெல்லப் புரிந்தன. அவனிடம் எப்படிக் கேட்டால் பதில் வரும் என்று அந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். பொறுமையாக, தெளிவான கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார்கள். கேட்கக் கேட்க அவன் பேசினான். பேசப் பேச, அவன் தாங்கள் எண்ணியிருந்த அளவு மந்தமானவன் அல்லன் என்று அவர்களுக்குத் தெரிந்தது. ஆண்டுகள் பல கழிந்தபின், சட்டம் படிக்க ஹார்வர்டில் இடம் பெற்ற ஓர் இளைஞரிடமிருந்து அரான்சனுக்குக் கடிதம் வந்தது. அந்தச் சிறுவன் தானே என்று அவர் எழுதியிருந்தார். கொடுமைக்காரர்கள் என்று தான் எண்ணியிருந்த வகுப்புத் தோழர்கள் பிறகு நண்பர்களாகிவிட்டதையும் குறிப்பிட்டிருந்தார்.

இந்த நிகழ்வை உளவியல் நூல்கள் மனமாற்றத்தின் கதையாகச் சொல்கின்றன. எனக்கு இதில் முதலில் தெரிவது விலைமாற்றம். பழைய ஏற்பாட்டில் கேலி செய்வது இலவசம். அதற்கு மேல், வகுப்பின் சிரிப்பு என்ற வருமானமும் உண்டு. புதிய ஏற்பாட்டில் கேலிக்கு ஒரு விலை வந்துவிட்டது. பாகுபாடு காட்டுகிறவர் அதற்காக ஏதேனும் ஒன்றை இழக்கத் தயாராக இருக்கிறார் என்று 1957-இல் கேரி பெக்கர் எழுதிய கருத்தின் வகுப்பறை வடிவம் இது.

பொருளியல் அறிஞர் கௌதம் ராவ் தில்லியில் செய்த ஆய்வு இதை இன்னும் துல்லியமாகக் காட்டியது. 2007 முதல் தில்லியின் வசதியான தனியார் பள்ளிகள் பல, ஏழைக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. பணக்கார மாணவர்களிடம் ராவ் ஒரு தொடர் ஓட்டப் போட்டி வைத்தார். கூட ஓடுவதற்கு, வேகமாக ஓடும் ஏழை மாணவனைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது மெதுவாக ஓடும் வசதியான மாணவனைத் தேர்ந்தெடுக்கலாம். பரிசு 500 ரூபாய் என்றபோது மெதுவாக ஓடுபவனைத் தேர்ந்தவர்கள் மிகச் சிலர். பரிசு 50 ரூபாயாகக் குறைந்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெற்றியைவிடத் தம் இனத்தைத் தேர்ந்தார்கள். ஆனால், ஏற்கெனவே ஏழை மாணவர்களுடன் ஒரே வகுப்பில் படித்திருந்தவர்களிடம் இந்தப் போக்கு கணிசமாகக் குறைந்திருந்தது. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்கள் பெயரின் அகரவரிசைப்படி அமைக்கப்பட்டிருந்தன. யாருடைய விருப்பமும் இல்லாமல், பெயரின் முதல் எழுத்தால் நேர்ந்த அந்தச் சேர்க்கையே மனப்பான்மையை மாற்றியிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தேவையால் உருவாகும் உறவுகள் எல்லாம் நட்பு அல்ல. கல்லூரியில் நான் பலமுறை கண்ட ஒரு வகை உண்டு. பயந்த சுபாவமுள்ள, நன்றாகப் படிக்கும் மாணவன் ஒருவன், அடாவடிக் கும்பலின் நடுவே திடீரென்று வளைய வருவான். தேநீர்க் கடையில் அவர்களோடு நிற்பான். பார்ப்பவர்கள் 'பரவாயில்லையே, சேர்ந்துவிட்டார்கள்' என்பார்கள். அரை ஆண்டு முடிவில் நான்கு பேரின் அசைன்மென்டுகள் ஒரே கையெழுத்தில் வந்து சேரும். அது நட்பன்று, காவல் கட்டணம். ஊர்ச் சந்தையில் தாதாவுக்கு வியாபாரி செலுத்தும் மாமூலுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலொன்றில், ஓர் அமைப்பில் மனக்குறை உள்ளவருக்கு இரு வழிகள் உண்டு என்றார்: வெளியேறுவது, அல்லது குரல் கொடுப்பது. இந்த இரண்டையும் வைத்து எந்த நட்பையும் சோதிக்கலாம். பலவீனமானவன் 'இன்று என்னால் முடியாது' என்று சொன்னால் என்ன நடக்கும்? நாளை முதல் வேறு இடத்தில் அமர்ந்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது என்றால் அது நட்பு. ஏதோ நடக்கும் என்று அவன் அஞ்சினால், அவர்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தாலும் அது அடிமைத்தனத்தின் நாகரிக வடிவமே.

இரண்டாம் ஆண்டு மாணவர்களை வாரச் சந்தைக்கு அனுப்பி, காய்கறி விலை காலை முதல் மாலை வரை எப்படி இறங்குகிறது என்று பதிவுசெய்யச் சொல்வது என் வழக்கம். வருகைப் பதிவேட்டு எண்படி இருவர் இருவராகப் பிரிப்பேன். ஓர் ஆண்டு அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவன், வகுப்பே ஒதுங்கி வழிவிடும் முரடன். மற்றவன், வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' என்று சொல்லவே திணறுபவன். இரண்டாமவனைத் தனியே அழைத்து, வேண்டுமானால் இணையை மாற்றித் தருகிறேன் என்றேன். சற்று யோசித்துவிட்டு, 'ஒரு வாரம் போய்ப் பார்க்கிறேன் ஐயா' என்றான்.

சந்தையில் அவனால் ஒரு வியாபாரியிடமும் பேச முடியவில்லை. முரடனோ, வெங்காய மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன். அவன் தந்தை சுமைதூக்கும் தொழிலாளி. எந்த வியாபாரி உண்மை விலையைச் சொல்வார், யார் கூட்டிச் சொல்வார் என்பது அவனுக்கு மனப்பாடம். ஆனால், கேட்டதைப் பட்டியலாக்கத் தெரியாது. சராசரிக்கும் இடைநிலைக்கும் வேறுபாடு தெரியாது. மூன்றாவது வாரம் இருவரும் என் அறைக்கு வந்து, மாலை ஐந்து மணிக்கு மேல் தக்காளி விலை குறைவது ஏன், கத்தரிக்காய் விலை அந்த அளவு குறையாதது ஏன் என்று சர்ச்சை செய்தார்கள். திணறுபவன் குறுக்கிட்டு, 'நீ சொல்வது தப்பு' என்றான். மற்றவன் ஒரு கணம் அவனை உற்றுப் பார்த்துவிட்டு, 'சரி, கணக்கைக் காட்டு' என்றான். அவன் எப்போதாவது மன்னிப்புக் கேட்டானா என்று எனக்குத் தெரியாது, கேட்டிருக்க மாட்டான். வகுப்பில் மற்றவர்களிடம் அவன் முரட்டுத்தனம் அந்த ஆண்டு முழுவதும் அப்படியே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால், அந்த 'நீ சொல்வது தப்பு' என்ற வாக்கியத்துக்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஹிர்ஷ்மனின் சோதனையில் அவர்கள் தேறினார்கள்.

இனி, இருக்கைகளுக்கு வருவோம். ஹங்கேரி நாட்டுப் பள்ளிகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2021-இல் வெளியானது. 40 பள்ளிகள், 182 வகுப்புகள், ஏறத்தாழ 3,000 மாணவர்கள். யார் பக்கத்தில் யார் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். இரு மாணவர்கள் பரஸ்பரம் ஒருவரையொருவர் நண்பர் என்று சொல்லும் வாய்ப்பு சராசரியாக 15 விழுக்காடு. பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்தவர்களிடையே அது 22 விழுக்காடாக உயர்ந்தது. ஒத்த தன்மையுள்ளவர்களிடையே விளைவு அதிகம். வேறுபட்டவர்களிடையே குறைவு, ஆனால் இல்லாமல் போகவில்லை. நெதர்லாந்தில், ஒருவரையொருவர் பிடிக்காத மாணவர்களைச் சில வாரங்கள் அருகருகே அமர்த்திப் பார்த்தபோதும் வெறுப்பு தணிந்தது. ஆகவே இருக்கைக்குச் சக்தி உண்டு. ஆனால் 15 என்பது 22 ஆவது, மீதி 78 பேருக்கு ஒன்றும் நிகழவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

அந்த இடைவெளியை விளக்குவது உத்தரப் பிரதேசத்தில் மேட் லோ என்ற பொருளியல் அறிஞர் நடத்திய கிரிக்கெட் போட்டித் தொடர். பல சாதி இளைஞர்களைக் குலுக்கல் முறையில் அணிகளாகப் பிரித்தார். ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடையே சாதி கடந்த நட்பு கூடியது. எதிரணியில் நின்று சந்தித்தவர்களிடையே அந்த விளைவு தலைகீழானது. இருவகைச் சந்திப்பும் அதே திடலில்தான் நடந்தன. சந்திப்பின் விளைவை நிர்ணயித்தது, ஒருவரின் வெற்றி மற்றவரின் வெற்றியா, தோல்வியா என்பதே. கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே, வெறுமனே பழகுவது போதாது. சமமான நிலை, பொதுவான குறிக்கோள், கூட்டுச் செயல்பாடு, அதிகாரத்தில் உள்ளவர்களின் ஆதரவு ஆகியவை வேண்டும் என்று எழுதியிருந்தார். கிரிக்கெட் மட்டை அதற்குச் சான்றளித்தது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவருடைய தங்கையையும், அதே பள்ளியைச் சேர்ந்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய கொடுமையை நாம் மறந்துவிட முடியாது. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளுக்குத் தடை உள்ளிட்ட அதன் பல பரிந்துரைகளில் ஒன்று, வகுப்பில் மாணவர்களை அகரவரிசைப்படி அமர்த்த வேண்டும் என்பது. ஊடகங்களில் கயிறு பேசப்பட்ட அளவுக்கு இந்த அகரவரிசை பேசப்படவில்லை. என் பார்வையில் அதுவே ஆழமான பரிந்துரை.

அதிலும் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிச் சாதகம் உண்டு. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் எழுதும் மாநிலங்களில் குடும்பப் பெயரின்படி வரிசைப்படுத்தினால் ஒரே சாதிப் பிள்ளைகள் ஒரே வரிசையில் திரண்டுவிடுவார்கள். இங்கே சாதிப் பட்டத்தை நாம் கைவிட்டு மூன்று தலைமுறை ஆகப்போகிறது, முதலெழுத்தும் இயற்பெயரும்தான். அகரவரிசை இங்கே ஏறத்தாழக் குலுக்கலைப் போலவே செயல்படும். பெயர் சீர்திருத்தம் செய்தவர்கள், வகுப்பறை இருக்கைகளுக்கும் சேர்த்தே அதைச் செய்துவைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வேன்.

ஆனால், அகரவரிசை செய்வது பாதி வேலையே. அருகருகே அமர்ந்த இருவரும் மதிப்பெண்ணுக்காக மோதும் எதிரணியினராகவே இருந்தால், லோவின் திடலில் நடந்ததுதான் இங்கும் நடக்கும். பொதுத்தேர்வுகளில் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை 2017-இல் நிறுத்திய மாநிலம் நம்முடையது. வகுப்பறைக்குள் அந்தப் பட்டியல் இன்னும் பலகையில் தொங்குகிறது. பெற்றோரின் கைப்பேசிக்கும் போகிறது. இன்னொன்று, அஞ்சுகிறவனை முரடனின் பக்கத்தில் அமர்த்திவிட்டு, 'விதி அப்படி' என்று ஆசிரியர் கைகழுவிவிடக் கூடாது. இடம் மாற்றிக்கொள்ளும் வழி அவனுக்குத் திறந்திருக்க வேண்டும். அதைக் கேட்பதற்காக அவன் வகுப்பின் முன்னால் எழுந்து நிற்கும் நிலையும் இருக்கக் கூடாது. நாங்குநேரியில், தனக்கு நேர்ந்த தொல்லையை அந்த மாணவர் பள்ளியில் சொன்ன பிறகே தாக்குதல் நிகழ்ந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. குரல் கொடுத்தவருக்கு அதுவே ஆபத்தாகும் இடத்தில் நட்பைப் பற்றிப் பேசுவது கேலிக்கூத்து. அரிவாளும் சாதி மிரட்டலும் நுழைந்துவிட்ட விவகாரங்கள் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் உரியவை. நான் பேசுவது அதற்குப் பல ஆண்டுகள் முந்தைய கட்டத்தைப் பற்றி. ஆறாம் வகுப்பில் புத்தகப்பையைத் தூக்கி எறிந்து விளையாடும் கட்டத்தைப் பற்றி.

நாற்பது ஐம்பது பேர் உள்ள வகுப்பில், பாடத்திட்டத்தை முடிக்கவே நாள் போதாத ஆசிரியரிடம் ஜிக்சா முறையை வாரம் முழுவதும் நடத்தச் சொல்வது நியாயமாகாது. அதற்குத் தேவையும் இல்லை. நம் மேல்நிலைப் பள்ளிகளின் ஆய்வகங்களில் கருவிகள் போதாததால், ஒரே மேசையில் இருவரோ மூவரோ சேர்ந்துதான் செய்முறைப் பயிற்சி செய்கிறார்கள். அந்தக் குழுக்களும் பெரும்பாலும் பதிவேட்டு எண்படியே அமைகின்றன. ஒருவன் ஊசலை ஆட்டிவிட, இன்னொருவன் நேரத்தைப் பார்க்கிறான். இருவரும் சேர்ந்து எடுத்த அளவீட்டுக்கு இருவருக்கும் பொதுவாக ஐந்து மதிப்பெண் என்று பள்ளி அளவில் வைத்துக்கொள்ள அரசாணை எதுவும் தேவைப்படாது. கீழ் வகுப்புகளில் சமூக அறிவியல் பாடம் ஒன்றை மாதத்துக்கு ஒருமுறை துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்க, பாடநூலின் நகலும் ஒரு கத்தரிக்கோலும் போதும்.